கீழே காய்த்தது மேலே ஏன் காய்க்கவில்லை? ஊட்டி வீட்டில் காய்கறி போடுவது பற்றி

கேள்வி இது: "மதுரையில் ஆறு வருடம் மாடித்தோட்டம் போட்டோம். ஒரு வருடம் முன்பு மாற்றலாகி ஊட்டி காந்தல் பக்கம் குடிவந்தோம். அதே விதை, அதே மண்கலவைதான். வெண்டை சரியாக முளைக்கவே இல்லை. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. ஜனவரியில் மிளகாய்ச் செடி ஒரே ராத்திரியில் கருகிவிட்டது. வீட்டு முன்னால் எட்டடிக்கு நாலடி மண் இருக்கிறது, பின்னால் தடுப்புச் சுவர், மேலே தகரக் கூரை. என் கைராசி போய்விட்டதா? எதைப் போட்டால் வரும்?"

உங்கள் கைராசிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கொண்டுவந்த விதைப் பட்டியல்தான் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை. மலையில் முப்பது வருடமாகச் செடி வளர்க்கிறேன். கீழேயிருந்து வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் வருடம் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டுத் தோற்றுப்போய், "ஊட்டி மண்ணில் ஒன்றும் வராது" என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடே காரட்டுக்கும் பீன்ஸுக்கும் அண்ணாந்து பார்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உயரம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850, கொடைக்கானல் 2,100க்குச் சற்று மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். ஊட்டியில் ஜனவரி ராத்திரி சராசரியாக ஐந்தாறு டிகிரிதான், பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்தைத் தொடும். தக்காளிப் பூ காயாக வேண்டுமென்றால் ராத்திரியில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் மகரந்தம் வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். நீங்கள் பார்த்தது அதைத்தான். உரம் போட்டோ, மோர்க்கரைசல் தெளித்தோ அதைச் சரிசெய்ய முடியாது. வெண்டைக்கு மண்ணே சூடாக இருக்க வேண்டும், அதை ஊட்டியில் மறந்துவிடுங்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான். இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். இங்கே எல்லாரும் கடையில்தான் வாங்குகிறோம்.

அடுத்தது உங்கள் மிளகாய்ச் செடி. காந்தலும் தலைகுந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும் ஊட்டியில் உறைபனிக்குப் பேர்போன இடங்கள். கொடைக்கானலில் ஜிம்கானா, கீழ்பூமி, ஏரியைச் சுற்றின பகுதி. எல்லாமே பள்ளம் என்பதைக் கவனியுங்கள். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் நிலத்தின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே தெருவில் மேல்வீட்டு பீன்ஸ் பச்சையாக நிற்கும், நூறடி கீழே இருக்கிற வீட்டில் கருகிக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், அப்புறம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை உறைபனி. ஒருநாள் காலை ஆறரைக்கு எழுந்து வந்து பாருங்கள். புல்லின் விளிம்பில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கும். மிளகாய் இலை கண்ணாடி மாதிரி விறைத்து, கரும்பச்சையாக, பார்க்க நன்றாகவே இருக்கும். வெயில் பட்டு அரைமணி நேரத்தில் அந்த இலை வெந்த கீரை போலத் தொங்கிவிடும். உள்ளே இருந்த நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைத் தடுக்க இங்கே எல்லாரும் செய்வதையே செய்யுங்கள். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகள் மேல் கோத்தகிரி மிலார்ச் செடியை வெட்டிவந்து மூடுவார்கள், விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். வீட்டுக்குப் பழைய பருத்திப் புடவை போதும். நாலு குச்சி நட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போதே, இலையில் படாமல் மூடிவிட வேண்டும். எட்டு மணிக்கு இருட்டின பிறகு மூடினால் குளிரைத்தான் உள்ளே அடைத்து வைக்கிறீர்கள். காலையில் வெயில் நன்றாக ஏறினதும் எடுத்துவிடுங்கள். மூட மறந்து பனி பிடித்துவிட்டால், வெயில் படும் முன்பே பூவாளியால் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், சில செடியாவது பிழைக்கலாம். அந்த மாதங்களில் செடிக்குத் தண்ணீரை மத்தியானம் ஊற்றுங்கள். ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும், காய்ந்த மண் வைக்காது.

சரி, இப்போது உங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: மலையில் உங்கள் தோட்டத்தின் மிக நல்ல இடம் மண்ணில் இல்லை, சுவரோரத்தில் இருக்கிறது. வெயில் படும் சுவர் பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி மெதுவாக விடும். மேலே தகரக் கூரை ஓரடி நீட்டிக்கொண்டிருந்தால் பனியும் நேராக இறங்காது, மழையும் இலைமேல் அடிக்காது. சுவரோரத்துக்கும் நடு முற்றத்துக்கும் ராத்திரியில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரும். செடி பிழைப்பதும் சாவதும் அந்த இரண்டு டிகிரியில்தான். எந்தச் சுவர் என்றால் தெற்கு பார்த்தது, இல்லையென்றால் கிழக்கு பார்த்தது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோரு டிகிரி. டிசம்பர், ஜனவரியில் மத்தியான வெயில் தெற்கே சாய்ந்து வரும், தெற்குச் சுவர் முழுக்கக் குளிக்கும். ஏப்ரல் இருபது வாக்கிலிருந்து ஆகஸ்ட் இருபது வாக்கு வரை சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும், அப்போது தெற்குச் சுவர் நிழலாகும். ஆனால் அந்த மாதங்களில் குளிர் குறைவு, பாதிநாள் மேகமூட்டம் வேறு. அதனால் நஷ்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் வெளியே வந்து நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். எந்தச் செடி எங்கே என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சுவரோரத்தில் தக்காளி வரும். பெரிய தக்காளி வேண்டாம், செர்ரித் தக்காளி. ஜனவரி கடைசியில் அடுப்படி ஜன்னலோரம் விதை போட்டு, மார்ச் கடைசியில் கூரை நீட்டத்துக்கு அடியில் பெரிய பக்கெட்டில் நட்டால் ஜூனில் பழம் பறிக்கலாம். கூரைக்கு வெளியே வைத்தால் பருவமழை தொடங்கிய பத்து நாளில் இலைக்கருகல் வந்து கறுத்துவிடும். ஆனால் உங்கள் ஆசை ரசத்துக்குத் தக்காளி என்பதுதானே? அதற்கு மரத்தக்காளி வையுங்கள். முட்டை வடிவில், கருஞ்சிவப்பாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இங்கே பல வீட்டு வாசலில் இருக்கும், ஒரு பழம் கேட்டால் தருவார்கள். அதன் விதையே போதும், ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். தோல் கசக்கும், சுட்டு உரித்துவிட்டுத் துவையல் அரைத்துப் பாருங்கள். புளியே வேண்டியதில்லை. வேர் மேலாகவே ஓடும் மரம், காற்றுக்கு ஒடியும். சுவரோடு சேர்த்துக் கட்டி விடுங்கள். கடும் உறைபனி இதற்கும் ஆகாது.

இனி மண். மலைமண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், பீட்ரூட்டுக்கும் கீரைக்கும் கோஸுக்கும் பிடிக்காது. பீட்ரூட் முளைத்து விரல் நீளத்தில் சிவந்து அப்படியே நின்றுவிட்டதென்றால் பெரும்பாலும் புளிப்புதான் காரணம். விவசாயச் சுண்ணாம்போ டோலமைட்டோ வாங்கி, உங்கள் 32 சதுர அடிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தூவிக் கொத்திவிடுங்கள். நடுவதற்கு மூன்று வாரம் முன்பே போட வேண்டும். சாணியோடு சேர்த்துப் போடாதீர்கள், சாணியில் இருக்கிற தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். உருளைக்கிழங்கு போடும் இடத்தில் சுண்ணாம்பு வேண்டாம், கிழங்குத் தோலில் சொறி விழும்.

மண் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். வந்த புதிதில் ஒரு நர்சரியில் முட்டைக்கோஸ் நாற்று ஐம்பது வாங்கி நட்டேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் வெயில் நேரத்தில் வாடும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு செடியைப் பிடுங்கினபோதுதான் தெரிந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் வீங்கிப்போன விரல்கள் மாதிரி, இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டு முண்டாக ஏதோ இருந்தது, உடைத்தால் அழுகல் நாற்றம். கிளப் ரூட் என்கிற நோய். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப், நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் வரும். மண்ணில் அது பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அந்தப் பாத்தியில் இன்றுவரை நான் கோஸ் வைப்பதில்லை. அதனால் நாற்றை விலைக்கு வாங்காதீர்கள், விதை வாங்கி நீங்களே விடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு நாற்றின் வேரைக் கழுவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தோட்டத்து மண் ஒரு பிக்கப் வண்டியில் கொட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணில், அதன் வேரைத் தாக்குகிற முட்டைக்கூடு நூற்புழு இருக்கலாம். இந்தியாவிலேயே அதை முதலில் 1961இல் நம் நீலகிரியில்தான் கண்டுபிடித்தார்கள். முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பல காலமாக அதோடு போராடிக்கொண்டிருக்கிறது. உங்கள் சின்ன இடம் சுத்தமாக இருக்கிறதென்றால் அதுவே பெரிய சொத்து.

என்ன போடுவது? கீரையிலிருந்து தொடங்குங்கள். கீழே மல்லி சீக்கிரமே பூவெடுத்துவிடும் என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் வந்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். வாசனையும் கீழே வராத வாசனை. பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, லெட்டூஸ், புதினா எல்லாம் அரை நிழலிலும் வரும். லெட்டூஸை வெளி இலையாகப் பறியுங்கள், தலையோடு வெட்டாதீர்கள். சிறுகீரை, தண்டங்கீரை குளிரில் திணறும், அவற்றுக்குப் பதில் சுக்குட்டிக் கீரை இருக்கிறது. நீங்கள் மதுரையில் மணத்தக்காளி என்பீர்கள். அதை விதைக்கவே வேண்டாம், மண்ணைக் கொத்திவிட்டால் தானாக முளைக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

வேலி ஓரத்தில் ஒரு மேரக்காய். கீழே சௌசௌ என்று விற்பதுதான். விதையைத் தனியாக எடுத்து நட முடியாது, காயையே நட வேண்டும். கடையில் முற்றின காய் ஒன்று வாங்கி அடுப்படி மூலையில் வையுங்கள். மூன்று வாரத்தில் பருத்த முனை பிளந்து, நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு பச்சை முளை வெளியே வரும். அதைச் சாய்வாக, பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாக வைத்தால் போதும். ஒரு கொடி ஒரு குடும்பத்துக்குத் தின்னத் தின்னத் தீராது. நுனித் தளிரைக் கிள்ளிப் பொரியல் செய்யலாம். உறைபனியில் மேலே கருகினாலும் வேரிலிருந்து மறுபடி எழும். தடுப்புச் சுவர் மேல் படரவிடலாம். ஆனால் அந்தச் சுவரின் அடியைத் தோண்டாதீர்கள், தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் செடியாலோ மண்ணாலோ அடைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுகள் இடிந்து நாற்பது பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். மலையில் மண்வெட்டி எடுக்கிற யாரும் அதை மறக்கக் கூடாது.

எட்டடி மண்ணில் பாதியைக் காரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் கொடுங்கள். காரட்டை நேராக விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் கோணும். ஓரடி ஆழம் கல் பொறுக்கிச் சலித்த மண், அதில் புதுச் சாணி கூடாது, கிளை விட்டுவிடும். விதைத்து மேலே ஈரச்சாக்கு விரித்து, முளை தெரிகிறதா என்று பத்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளைத்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இரண்டு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். கலைக்க மனசு வராது, ஆனால் கலைக்காத காரட் சுண்டுவிரல்தான் காய்க்கும். மூன்றரை, நாலு மாதம் ஆகும். குளிர் மாதத்தில் பிடுங்கின காரட்டுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு, குளிரில் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி வைத்துக்கொள்ளும். கேத்தி பாலாடாவில் லாரி லாரியாகக் கழுவி அனுப்புகிற காரட்டும் நல்ல காரட்தான். ஆனால் பிடுங்கி, குழாயில் கழுவி, இலையைத் திருகிப் போட்டுவிட்டுக் கடிக்கிற அந்த முதல் கடி எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

மீதிப் பாதியில் பட்டாணி, பட்டர் பீன்ஸ். பட்டாணி லேசான பனியைத் தாங்கும், பூவில் பட்டால்தான் நஷ்டம். பீன்ஸ் தாங்காது, மார்ச்சில் போடுங்கள். கோஸ் வேண்டாம், மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தலை தரும். ப்ரோக்கோலி வையுங்கள், நடுப் பூவை வெட்டின பிறகும் பக்கத்தில் குட்டிப் பூக்கள் வந்துகொண்டே இருக்கும். பூண்டு வைப்பதென்றால் வடக்கேயிருந்து வருகிற பெரிய பூண்டு இங்கே சரியாகப் பல் பிரியாது. நம் ஊர் மலைப்பூண்டு விதையே வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் வாசனையே வழி சொல்லும். உருளைக்கிழங்கு ஆசைக்கு இரண்டு சாக்கில் போடலாம். பிப்ரவரி தொடக்கத்தில், நம்மவர்கள் நீர்போகம் என்கிற பருவத்தில் போட்டு மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி தொட்டியில் அருமையாக வரும்.

இவையெல்லாம் இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் தொடங்கியது. இன்று நாம் பார்க்கிற தாவரவியல் பூங்காவின் தொடக்கமே ஒரு காய்கறித் தோட்டம்தான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டிக் காய்கறி வாங்கிக்கொண்டார்கள். நம் பாட்டிகள் இதையெல்லாம் "இங்கிலீஷ் காய்கறி" என்று சொன்னது அதனால்தான். அதற்கு முன்பிருந்தே இங்கே அவரையும் சாமையும் ராகியும் விளைந்தன. படுகர் வீட்டு அவரைக் குழம்பு சாப்பிட வாய்த்தால் அந்த அவரை விதையைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் குளிருக்குப் பழகின விதை அது.

உரத்துக்கு ஆட்டுப்புழுக்கை, மக்கின சாணி. ஏரிப் பக்கம் குதிரைச் சாணம் கிடைக்கும், மூன்று மாதம் மக்கவிட்டால் நல்ல உரம். அடுப்படிக் கழிவை மக்க வைக்கும்போது இரண்டு விஷயம். குளிரில் கீழே இரண்டு மாதத்தில் மக்குவது இங்கே ஐந்து மாதம் எடுக்கும், பொறுமை வேண்டும். இரண்டாவது, திறந்த குழியில் போடவே போடாதீர்கள். குன்னூரில் நான் இருந்தபோது பழத்தோலும் சோறும் கொட்டின குழிக்குக் கரடி வந்தது. காலையில் குழி கிளறிக் கிடந்தது, ஈரமண்ணில் மனிதக் காலைப் போலவே அகலமான தடம், முன்னால் நீண்ட நகக் கீறல். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். அன்றோடு இறுக்க மூடின டிரம்முக்கு மாறினேன். சோறு, எண்ணெய்ப் பண்டம், பழம் எதையும் வெளியே விடாதீர்கள். பேரி போன்ற பழமரம் இருந்தால் பழுக்கும் முன்பே பறித்துவிடுங்கள். குரங்குக்குக் கோழிவலை போட்ட கூண்டு உதவும். காட்டெருமைக்கு எந்த வேலியும் உதவாது. வாசலில் நின்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், செடி போனால் போகட்டும்.

மழைக்காலத்தில் பெரிய எதிரி ஓடில்லாத நத்தை. சாம்பல் தூவினால் மழையில் கரைந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதுதான் வழி. ஒரு வாரம் விடாமல் செய்தால் பாதி குறையும்.

தகரக் கூரைக்கு ஒரு தாழ்வாரக் குழாய் மாட்டி மூடி போட்ட டிரம் வையுங்கள். முன்னூறு சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று நீங்களே இந்த வருடம் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால் நான் சொன்னதில் ஒரு மாதம் முன்பின்னாகப் பொருத்திக்கொள்ளுங்கள், தக்காளி இன்னும் சுலபமாக வரும். கூடலூர், தாண்டிக்குடி மாதிரி இன்னும் தாழ்வான ஊர் என்றால் கதையே வேறு, அங்கே வாழையும் மிளகும் வீட்டோரம் வரும்.

இப்போது என்ன மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த மாதமாக இருந்தாலும் இந்த வாரம் கடைக்குப் போகும்போது முற்றின மேரக்காய் ஒன்று வாங்கி அடுப்படி மூலையில் வையுங்கள். மண்ணில் சுண்ணாம்பு தூவுங்கள். முளை வந்ததும் எழுதுங்கள், எந்தச் சுவரில் ஏற்றுவது என்று அப்போது பார்க்கலாம்.